ஆறு காசு அட்டை: எல்லோருக்கும் நல்ல சீட்டு, எனக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

மூன்றாங்கட்டு
திங்கள், இரவு 9.40

78 படச் சீட்டு வைத்துக் குறி பார்க்கும் டாரட் பழகுகிறவர்களிடம் பிடிக்காத அட்டை எது என்று கேட்டால் பாதிப் பேர் இடி விழும் கோபுரத்தைச் சொல்வார்கள். மீதிப் பேர் பதின்மூன்றாம் எண் மரணத்தையோ, நெஞ்சில் மூன்று வாள் பாய்ந்த அட்டையையோ சொல்வார்கள். அவையெல்லாம் வந்தால் வரட்டும் என்றிருப்பேன் நான். என் வயிற்றைப் பிசைவது சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ். நாம் ஆறு காசு என்போமே, அந்தச் சீட்டு.

சிரிக்க வேண்டாம். அது நல்ல அட்டை என்று எனக்கும் தெரியும். எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் தாராளம், உதவி, கொடுக்கல் வாங்கலில் சமநிலை என்று போட்டிருக்கிறது. படத்தைப் பாருங்கள். சிவப்பு அங்கி போட்ட வணிகர் நிற்கிறார். ஒரு கையில் தராசு, இன்னொரு கையிலிருந்து காசு விழுகிறது. கீழே இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் கையில் காசு விழ, மற்றவன் வெறுங்கையோடு காத்திருக்கிறான். அந்த இரண்டாவது ஆளைப் பற்றி எந்தக் கையேடும் வாயைத் திறப்பதில்லை.

நான் காரைக்குடிப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். அப்பா இல்லாத வீடு. அம்மா ஒரு பெரிய வீட்டில் 22 ஆண்டு சமையல் வேலை பார்த்தார். ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடிகிறவரை என் படிப்புச் செலவு முழுவதும் அந்த வீட்டு ஆச்சி கொடுத்தது.

ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் போக வேண்டும். ஆச்சி முகப்பில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் கணக்கப்பிள்ளை. தரையில் சிவப்புப் பூவும் பச்சை இலையுமாக ஆத்தங்குடிக் கல். எப்போதும் ஒரே பூவின் மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பேன். ஆறாம் வகுப்பில் பாதம் பூவுக்குள் அடங்கியது. பத்தாம் வகுப்பில் விரல்கள் இலைக்கு வந்துவிட்டன. கணக்கப்பிள்ளை பேரேட்டை விரிப்பார். பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் சிவமயம். "சமையல்கட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வகையில்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவார். ஆச்சி ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்து நோட்டுகளை எண்ணுவார். எண்ணி முடித்துக் கையில் வைத்துக்கொண்டே, "போன வருஷம் கணக்கில் எத்தனை மார்க்?" என்பார். திண்ணையில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் கேட்கும்படி நான் மார்க்கைச் சொல்ல வேண்டும். "நன்றாகப் படி ஆத்தா" என்று சொல்லிப் பணம் தருவார். பேரேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் கிடையாது. சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இப்போது எனக்கு 45 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் டாரட் கற்றுக்கொண்டேன். காலையில் காப்பிக்கு முன் ஒரு சீட்டு எடுப்பது பழக்கம். கடந்த 40 நாளில் ஐந்து தடவை ஆறு காசு. இது எனக்கு என்ன சொல்ல வருகிறது? பேசாமல் அந்த ஒன்றை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டு 77 சீட்டோடு ஓட்டிவிடலாமா?


மழைக்காகம்
திங்கள், இரவு 9.58

தாராளமாக எடுத்து வையுங்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் கிளி ஜோசியக்காரர் ஒருவர் இருந்தார். கூண்டிலிருந்து வருகிற கிளி ஒரு குறிப்பிட்ட சீட்டை மட்டும் கொத்தித் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும். கிளிக்கு இருக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாதா?


கோபுரஇடி
திங்கள், இரவு 10.30

கிளி கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எடுத்து வைக்காதீர்கள்.

நாம் எல்லாரும் பழகும் ரைடர் கட்டு 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுக்க, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். இந்த அட்டைக்கு வெயிட் எழுதிய விளக்கத்தைக் கவனியுங்கள்: வணிகர் தோற்றத்தில் ஒருவர் பணத்தைத் தராசில் நிறுத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார், இது அவருடைய வெற்றிக்கும் நல்ல மனத்துக்கும் சாட்சி. முதலில் வெற்றி, அப்புறம்தான் நல்ல மனம். வெயிட்டும் அந்த வணிகரின் பக்கத்தில் நின்றுதான் படத்தைப் பார்த்திருக்கிறார். குரோலி என்பவர் வகுத்த தோத் என்ற இன்னொரு டாரட் கட்டில் இதே சீட்டின் பெயரே வெற்றி. சீட்டு தலைகீழாக வந்தால் வெயிட் சொல்லும் பொருள் ஆசை, பொறாமை.

எனவே உங்களுக்குக் கசக்கிறது என்பதில் தப்பில்லை. வாங்குகிறவர் பக்கத்திலிருந்து இந்த அட்டைக்கு யாரும் பொருள் எழுதவில்லை. இதற்கு முந்தைய ஐந்து காசில் பனியில் நடுங்கிக்கொண்டு இரண்டு பேர் தேவாலயத்து ஜன்னலுக்குக் கீழே நடந்து போகிறார்கள். அவர்கள்தான் அடுத்த அட்டையில் மண்டியிட்டிருக்கிறார்கள் என்பது என் சொந்தக் கணிப்பு.

ஒரு கேள்வி. 40 நாள் என்று துல்லியமாகச் சொல்கிறீர்களே, 40 நாளுக்கு முன் என்ன நடந்தது?


நூற்றுக்குநூறு
செவ்வாய், காலை 6.15

நான் நம்பிக்கை இல்லாதவன், கணக்கு மட்டும் சொல்கிறேன். 78 சீட்டில் குறிப்பிட்ட ஒன்று 40 நாளில் ஒரு தடவையாவது வருவதற்கே ஏறத்தாழ 40 விழுக்காடுதான் வாய்ப்பு. ஐந்து தடவை என்றால் நம்ப முடியாத அளவுக்கு அபூர்வம். ஆகவே ஒன்று, நீங்கள் சரியாகக் கலைப்பதில்லை. அல்லது, அந்தச் சீட்டு உங்கள் விரலுக்குத் தெரிகிறது. முனை மடங்கியிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.


மூன்றாங்கட்டு
செவ்வாய், இரவு 8.50

நூற்றுக்குநூறு சார், உங்களுக்கு நூற்றுக்கு நூறு. முனை மடங்கித்தான் இருக்கிறது. முதல் தடவை வந்தபோது கோபத்தில் நானே மடக்கினேன். மறந்தும் போனேன். என் விரல் மறக்கவில்லை போலிருக்கிறது.

கோபுரஇடிக்குப் பதில். ஆமாம், நடந்தது.

ஆச்சிக்கு இப்போது 84 வயது. மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். அவ்வளவு பெரிய வீட்டில் முன்பக்கத்து இரண்டு அறைகள் மட்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டாங்கட்டுக்குப் பூட்டு. மூன்றாங்கட்டில், என் அம்மா நின்ற அடுப்படியில், வௌவால். பழம்பொருள் வியாபாரிகள் தூண் கிடைக்குமா, கதவு கிடைக்குமா என்று வாரம் ஒருவராவது வந்து கேட்டுவிட்டுப் போகிறார்களாம்.

அம்மா ஒரு நாட்குறிப்பில் ஆச்சி கொடுத்ததையெல்லாம் குறித்து வைத்திருந்தார். 1991 ஜூன் முதல் பத்து ஆண்டுக்கும் கூட்டினேன். 23,640 ரூபாய். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அதற்கு ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வட்டி போடாமல் கொடுத்தால் அந்த வீட்டில் சிரிப்பார்கள். வட்டி போட்டால் கொடுத்த மனத்தைக் கேவலப்படுத்தியதாகும். கடைசியில் 25,000 என்று முடித்தேன். உறையில் வைக்கும்போது கை பழக்கத்தில் ஓர் ஒற்றை ரூபாயைச் சேர்த்தது. மொய்க்குத்தானே ஒற்றை ரூபாய், கடனுக்கு எதற்கு என்று வெளியே எடுத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

ஆச்சி உறையைத் தொடவே இல்லை. பெட்டகத்தின் சாவியைக் கொடுத்து, இன்ன அடுக்கில் இன்ன நிறத்து அட்டை போட்ட பேரேட்டை எடு என்றார். எடுத்தேன். கண்புரையால் அவருக்குப் படிக்க முடியாது, என்னையே படிக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளையின் கோணல் எழுத்து, ஓரத்தில் ஒவ்வோர் ஆண்டும் என் கையெழுத்து. முதல் ஆண்டுக் கையெழுத்தில் என் பெயரையே பிழையாக எழுதியிருக்கிறேன், பதற்றம்.

"தலைப்பைப் படி" என்றார். தர்மக் கணக்கு என்று இருந்தது.

"இதில் செலவு மட்டும்தான் எழுதுவோம் ஆத்தா. வரவு வைக்கப் பக்கம் கிடையாது. கடன் என்று எழுதியிருந்தால் வாங்கியிருப்பேன். வட்டியோடு வாங்கியிருப்பேன்."

கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவள் நான். அவர் சொன்னது முறைப்படி சரி என்று எனக்கே தெரிந்ததுதான் எரிச்சல். போதாக்குறைக்குக் காப்பி கொடுத்து, ஒரு டப்பாவில் பத்து மாவுருண்டையும் போட்டுக் கொடுத்தார். கடனை அடைக்கப் போனவள் கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில்தான் அந்தச் சீட்டு முதல் தடவை வந்தது.


செம்மண்
செவ்வாய், இரவு 9.25

இதில் உருகுவதற்கு என்ன இருக்கிறது? தராசு ஏன் அந்த வணிகர் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் கொடுக்கும் காசு எங்கிருந்து வந்தது? பர்மாவின் கீழ்ப்பகுதியில் முக்கிய நெல் மாவட்டங்களில், உங்கள் காரைக்குடிப் பக்கத்திலிருந்து போய் வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் 25 பங்கு. நெல் விலை விழுந்தது, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் அந்த ஊர் விவசாயி நிலத்தை எழுதிக் கொடுத்தான். அந்தப் பர்மாத் தேக்கில் கட்டிய முகப்பில் நின்றுதான் நீங்கள் மார்க் சொன்னீர்கள். படத்தில் மண்டியிட்டிருக்கும் இரண்டாவது ஆள் யார் என்று இப்போது புரிகிறதா? 25,000 ரூபாயை நல்ல காரியம் எதற்காவது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.


தேவகோட்டைத் தம்பி
செவ்வாய், இரவு 9.41

வந்துவிட்டார். செம்மண் அண்ணே, ஒரு சீட்டைப் பற்றிக் கேட்டால் நீங்கள் ஒரு சமூகத்தையே கூண்டில் ஏற்றுகிறீர்கள். அதே மண்ணில் வள்ளல் அழகப்பரும் பிறந்தார். கோட்டையூரில், 1909இல். சீட்டுக்கட்டு பிறந்த அதே ஆண்டு, கவனித்தீர்களா! காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அவர் கையில் எந்தத் தராசு இருந்தது?


நெறியாளர்
செவ்வாய், இரவு 9.50

வரலாறு பேசலாம், தடையில்லை. ஆளைப் பார்த்துப் பேச வேண்டாம். இழையைத் தொடங்கியவர் கேட்டது அவருடைய சீட்டைப் பற்றி.


மூன்றாங்கட்டு
செவ்வாய், இரவு 10.20

தம்பி சொன்னதை நான் மறுக்க மாட்டேன். நான் கல்லூரி படித்ததும் அழகப்பர் பெயர் கொண்ட வளாகத்தில்தான். மூன்று ஆண்டு அந்த மரங்களுக்கு அடியில் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் முதுகு கூசியதில்லை. கொடுத்தவர் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். எனக்கென்று நினைத்துக் கொடுக்கவில்லை, என்னிடம் மார்க்கும் கேட்கவில்லை. அதே மூன்று ஆண்டும் கல்லூரிக் கட்டணத்துக்கு முகப்பில் போய் நின்றேன். இரண்டும் கொடைதான். ஒன்று மரம் மாதிரி இருக்கிறது, இன்னொன்று கண் மாதிரி இருக்கிறது.

செம்மண், உங்கள் கணக்கு உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பர்மா விவசாயிக்காக நான் ஆச்சிமேல் கோபப்பட முடியாது. எனக்கு என் சொந்தக் கோபமே முடியவில்லை.


ஓய்வுபெற்ற வாத்தியார்
புதன், காலை 5.30

எனக்குச் சீட்டு தெரியாது. மகள் இந்த இழையைக் காட்டினாள்.

ஆத்திசூடியில் எட்டாவது வரி "ஏற்பது இகழ்ச்சி". ஒன்பதாவது "ஐயம் இட்டு உண்". முப்பத்தைந்து ஆண்டு வகுப்பில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வருஷம் ஒரு பையன் எழுந்து, "வாங்குவது கேவலம் என்றால் யாருக்கு ஐயா பிச்சை போடுவது?" என்று கேட்டான். உட்காரச் சொல்லிவிட்டேன். அவன் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

புறநானூற்றின் 204ஆம் பாட்டில் நான்கு படி வருகிறது. கொடு என்று இரப்பது இழிவு, கொடுக்க மாட்டேன் என்பது அதைவிட இழிவு. வாங்கிக்கொள் என்று கொடுப்பது உயர்வு, வாங்க மாட்டேன் என்பது அதைவிட உயர்வு. அம்மா, நீங்கள் உறையை நீட்டியபோது மூன்றாம் படியில் இருந்தீர்கள். அதற்காகவாவது பெருமைப்படலாம்.


மூன்றாங்கட்டு
புதன், காலை 8.05

ஐயா, வணக்கம். நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பாருங்கள், நான் மூன்றாம் படிக்கு ஏறியதும் ஆச்சி "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் நான்காம் படிக்குப் போய்விட்டார். மறுபடியும் நான் கீழே!


மழைக்காகம்
புதன், காலை 8.11

காலையிலேயே சிரித்துப் புரையேறிவிட்டது. அந்தப் பையனைக் கண்டுபிடித்து யாராவது இங்கே சேர்த்துவிடுங்கள்.


கோபுரஇடி
புதன், இரவு 11.15

இரண்டு நாளாக இந்த அட்டையையே மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் அது கொஞ்சம் கசக்கத் தொடங்கிவிட்டது, நன்றி.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. டாரட் முதலில் ஜோசியமே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாடப் பிறந்தது. குறி பார்ப்பது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் ஒட்டிக்கொண்டது. பழைய மார்செய் கட்டில் ஆறு காசு என்றால் ஆறு வட்டமும் கொஞ்சம் கொடி இலையும், அவ்வளவே. வணிகரும் கிடையாது, தராசும் கிடையாது, மண்டியிட்டவர்களும் கிடையாது. அந்த மூவரையும் உள்ளே கொண்டுவந்தது 1909இல் பமேலாவின் தூரிகை. எண் சீட்டுகளுக்கும் ஆளும் கதையுமாக வரைந்ததுதான் அந்தக் கட்டின் புதுமை. ஆகவே உங்களைப் படுத்துவது ஏதோ ஆதிகாலத்து ரகசியம் என்று நினைக்க வேண்டாம். அப்போது முப்பது முப்பத்தோரு வயதான ஒரு பெண், சில மாதங்களில் ஏறக்குறைய 80 படம் வரைந்து முடிக்க வேண்டிய அவசரத்தில் போட்ட படம் அது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். அந்த வேலை முடிந்ததும், 1909 நவம்பரில், பமேலா நியூயார்க்கில் இருந்த புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய வேலை ஒன்றை மிகக் கொஞ்சப் பணத்துக்கு இப்போதுதான் முடித்தேன் என்று அதில் சொல்கிறார். ஒரு தடவை கொடுத்த கூலியோடு சரி, விற்பனையில் பங்கு கிடையாது. பல காலம் கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடர் இருந்தார், வெயிட் இருந்தார், பமேலா இல்லை. 1951இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கடனோடு இறந்தார். அவர் வரைந்த கட்டோ இன்றும் உலகமெங்கும் விற்றுக்கொண்டிருக்கிறது.

தராசு பிடித்த அந்த வணிகரை வரைந்தவள் எந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு வரைந்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?


மூன்றாங்கட்டு
வியாழன், காலை 6.40

இரவு தூக்கம் வரவில்லை. விளக்கைப் போட்டு அட்டையை எடுத்துப் பார்த்தேன். கீழே ஓரத்தில் அவருடைய முத்திரை இருக்கிறது, எழுத்துகளைப் பாம்பு மாதிரிப் பின்னிப் போட்ட கையெழுத்து. இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நானும் போட்டேன், பேரேட்டின் ஓரத்தில்.

சொல்ல வேறொன்றும் தோன்றவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.


ரங்கூன்பேரன்
வெள்ளி, பிற்பகல் 3.20

எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். எனக்கு 71 வயது, நான் அந்த முகப்புகளுக்கு உள்ளே பிறந்தவன்.

செம்மண் சொன்ன நிலக் கணக்கு உண்மை. எங்கள் வீட்டிலேயே அந்தப் பத்திரங்கள் இருந்தன. அவற்றால் பிறகு ஒரு பயனும் இல்லாமல் போனது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

என் ஐயா, அப்பாவின் அப்பா, பதினான்கு வயதில் வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறினார். மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு முடித்து ஊர் வருவது, மறுபடி போவது. அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு சொந்தக் கடை வைத்தார். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கப்பலில் இடம் கிடைக்காதவர்களில் அவரும் ஒருவர். மலை வழியாக நடந்தே வந்தார். ஊருக்கு வந்து சேர்ந்தபோது இடுப்பில் ஒரு வேட்டி, அவ்வளவுதான் மிச்சம் என்று அப்பத்தா சொல்வார்.

அவருடைய பேரேடுகள் எட்டு என்னிடம் இருக்கின்றன. கொடுத்ததற்கெல்லாம் வரி இருக்கிறது. கோவிலுக்கு மகமை என்ற வருமானப் பங்கு, பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு மோர், காசிச் சத்திரத்துக்கு இவ்வளவு, இன்னார் மகள் கல்யாணத்துக்கு இவ்வளவு. நடந்து வந்த அந்த மூன்று மாதத்துக்கு ஒரு வரி கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து தேடினேன். சித்திரைக்கு முன்னால் ஒரு பக்கம், ஆடியில் அடுத்த பக்கம். நடுவில் வெற்றுத்தாள்கூட விடவில்லை, நேராகத் தொடர்கிறது.

அந்த மூன்று மாதமும் யார் யாரோ அவருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். காய்ச்சலில் கிடந்த ஓர் இரவு அப்பத்தாவிடம் சொல்லியிருக்கிறார். மலையில் ஒரு கிழவி மூங்கில் குழாயில் உப்பில்லாத கஞ்சி கொடுத்தாளாம். வாங்கும்போது கை நடுங்கியதாம், "பசியில் இல்லை" என்றாராம். அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. கஞ்சியில் உப்புக் குறைந்தால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவார், மற்றபடி சாப்பாட்டில் பொல்லாத மனிதர்.

அம்மா, உங்கள் ஆச்சியை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதிரி ஆச்சிகள் கையில்தான் வளர்ந்தேன். கொடுப்பதற்குப் பழக்கிய கை அது, வாங்குவதற்கு யாரும் பழக்கவில்லை. உறையைப் பார்த்ததும் அவருக்குப் பயம் வந்திருக்கும். பேரேட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு மாதிரியும் இருக்கலாம்.


செம்மண்
வெள்ளி, மாலை 6.02

ஐயாவுடைய பதிவை இரண்டு தடவை படித்தேன். வாதாட ஒன்றுமில்லை.


நூற்றுக்குநூறு
வெள்ளி, இரவு 7.30

என் பங்குக்கு ஒரு கேள்வி. இப்போது முனையை நிமிர்த்திவிட்டீர்களா? மறுபடி 40 நாள் பார்த்து எண்ணிக்கை சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.


மூன்றாங்கட்டு
ஞாயிறு, இரவு 9.15 (மூன்று வாரம் கழித்து)

நூற்றுக்குநூறு சார், மன்னிக்க வேண்டும். முனையை நிமிர்த்தி, ஒரு தடித்த அகராதிக்கு அடியில் சீட்டை வைத்திருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை. ஆகையால் கட்டில் 77தான், உங்கள் ஆராய்ச்சி கெட்டது.

ரங்கூன்பேரன் ஐயாவுக்கு அன்றே பதில் எழுத நினைத்து முடியவில்லை. உங்கள் பதிவைத் தாளில் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். உறையையும் அதே பையில் வைத்தேன். எதையாவது பேசிவிட வேண்டும் என்று ஆச்சி வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன்.

போன வாரம் ஆச்சியே போனில் கூப்பிட்டார். உதவிக்கு இருக்கிற பெண் ஊருக்குப் போயிருக்கிறாளாம். கவுனி அரிசி சாப்பிட வேண்டும் போல் இருக்கிறதாம். "கடைத்தெருவில் நல்லதாகப் பார்த்து அரைக்கிலோ வாங்கி வா. என்ன விலை என்று குறித்து வை, வந்ததும் தருகிறேன்" என்றார். வாங்கிப் போனேன். ஜன்னல் பக்கம் போய் உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, விரலால் உருட்டி, "பழைய அரிசியைத் தலையில் கட்டிவிட்டான்" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா எத்தனை நேரம் ஊற வைப்பாள் என்று கேட்டார். ராத்திரி முழுவதும் என்றேன். "அப்படியென்றால் நாளைக்கு வா, நீதான் வைக்க வேண்டும்." பூட்டிய அடுப்படிக்குப் போகவில்லை, முன்னறையில் இருக்கிற ஒற்றைக் கேஸ் அடுப்பில் மறுநாள் வைத்தேன். தேங்காய் துருவி, சர்க்கரை போட்டு, இரண்டு பேரும் முகப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சர்க்கரை போதவில்லை என்று ஒரு குறை.

கிளம்பும்போது விலை கேட்டார். 110 ரூபாய் என்றேன். சுருக்குப்பையைத் துழாவினார். ஐந்நூறு ரூபாய் நோட்டுதான் இருக்கிறது, என்னிடம் மீதி இருக்கிறதா என்றார். இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"அடுத்த தடவை வாங்கிக்கொள்" என்றார்.

கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அவர் முன்னாலேயே எழுதினேன்: ஆச்சி, கவுனி அரிசி அரைக்கிலோ, 110 ரூபாய். என்ன எழுதினாய் என்று கேட்டார், படித்துக் காட்டினேன். "தேதி போடாமல் என்ன கணக்கு?" என்று கடிந்துகொண்டார். போட்டேன். குறிப்பேட்டை வாங்கி, பேனாவையும் வாங்கி, பக்கத்தின் உச்சியைத் தடவிப் பார்த்து, கை நடுங்கப் பிள்ளையார் சுழி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். என்ன நினைத்தாரோ, ஓரத்தில் கையெழுத்தும் போட்டார்.

அதன்பிறகு இரண்டு தடவை போய்வந்துவிட்டேன். அந்த 110 ரூபாயை இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.